கியூபேஸா, லாஜிக்கா, ரீப்பரா? பாட வருபவரை வைத்து ஓர் ஒப்பீடு

எந்த மென்பொருளில் பாட்டுப் பதிவு செய்யலாம் என்று இசைக்காரர்கள் இரண்டு பேர் பேச உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் "எதுல சவுண்ட் நல்லா இருக்கும்?" என்ற கேள்விக்கு வந்துவிடுவார்கள். அதை முதலில் முடித்துவிடுவோம். ஒரு ஸ்டீரியோ ஃபைலைக் கியூபேஸில் போட்டு, ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் பட்டையை) தொடாமல், பிளக்இன் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்) எதுவும் சேர்க்காமல் பவுன்ஸ் செய்யுங்கள், அதாவது புது ஃபைலாக வெளியே எடுங்கள். ரீப்பரிலும் அதையே செய்யுங்கள். இரண்டையும் ஒரே புராஜெக்டில் அடுத்தடுத்த ட்ராக்கில் வைத்து, ஒன்றின் ஃபேஸை, அதாவது ஒலி அலையை, தலைகீழாகத் திருப்பிவிட்டு பிளே செய்தால் ஒன்றும் கேட்காது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். அதாவது கணக்கு ஒன்றேதான்.

அப்படியானால் ஒன்றில் குரல் தடிமனாகக் கேட்கிறதே என்பவர்கள் பான் லாவை, அதாவது ஒலியை இடம், நடு, வலம் என்று வைக்கும்போது அதன் அளவு எப்படி மாறும் என்ற விதியைப் பார்க்க வேண்டும். மோனோ ட்ராக் நடுவில் இருக்கும்போது கியூபேஸ் வழக்கமாக அதை 3 டெசிபல் குறைத்து வைக்கும். ரீப்பர் குறைக்காது. குரல் எப்போதும் மோனோ, எப்போதும் நடுவில். அந்த 3 டெசிபலைத்தான் நம் காது 'சவுண்ட்' என்று எடுத்துக்கொள்கிறது. செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம். இதற்காக மென்பொருள் மாறுவது காசுக்குக் கேடு.

உண்மையான வித்தியாசம், காலத்தை அது எப்படிப் பார்க்கிறது என்பதில் இருக்கிறது. 1990களின் கடைசியில் பெல்ஜியத்தில் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் வந்த எஃப்எல் ஸ்டூடியோ, கட்டம் கட்டமாக டிரம் அடிக்கப் பிறந்தது. 2001இல் பெர்லினில் இருந்து வந்த ஏபிள்டன் லைவ், மேடையில் லூப்களை எடுத்து எடுத்து விளையாடப் பிறந்தது. இந்த இரண்டிலும் முதலில் தாளம், அப்புறம்தான் பாட்டு. கியூபேஸ், லாஜிக், ரீப்பர் மூன்றும் இடமிருந்து வலமாக நீளும் ஒரு கோட்டில் வேலை செய்பவை. பாடியது எங்கே விழுந்ததோ அங்கேயே இருக்கும். தாளக் கட்டத்தை நாம் பிறகு இழுத்து வந்து அதற்குப் பொருத்தலாம்.

நம் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. பக்திப் பாடல் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாடகர் முதலில் விருத்தம் பாடுகிறார். கிளிக் (காதில் ஓடும் தாளத் தட்டு) கிடையாது, தம்பூரா சுருதி மட்டும்தான் காதில் ஓடுகிறது. முக்கால் நிமிடமோ ஒன்றரை நிமிடமோ, அவர் மூச்சுக்கும் மனசுக்கும் ஏற்ப நீளும். அது முடிந்து பல்லவி எடுக்கும் இடத்தில்தான் தாளம் தொடங்குகிறது. நமக்கு வேண்டியது, விருத்தம் அசையாமல் அப்படியே இருக்க, பல்லவியின் சமத்தில் (தாளத்தின் முதல் அடியில்) புதிதாக ஒரு பார் (ஒரு தாளச் சுற்று) தொடங்குவது.

ரீப்பரில் ஆடியோவின் டைம்பேஸை 'டைம்' என்று வைத்துவிட்டு (அப்போது வேகம் மாறினாலும் பாடியது நகராது), சமம் விழும் இடத்தில் டெம்போவை, அதாவது வேகத்தை, மாற்றும் ஒரு மார்க்கர் போட்டால் போதும், அங்கிருந்து புது டெம்போ, புதுத் தாளம். கியூபேஸிலும் அதேபோல் ட்ராக்கை லீனியர் டைமுக்கு மாற்றிவிட்டு, டைம் வார்ப் கருவியால் பார் கோட்டைப் பிடித்து இழுத்து சமத்தில் வைக்கலாம். கண்ணால் பார்த்து, காதால் சரிபார்த்துச் செய்கிற வேலை இது. மூன்றிலும் கியூபேஸில்தான் இது கைக்கு மிக இதமாக வருகிறது என்பது என் கருத்து.

லாஜிக்கில் 2018இல் வந்த ஸ்மார்ட் டெம்போ, வாசித்ததைக் கேட்டுத் தானே டெம்போவைக் கண்டுபிடிக்கப் பார்க்கும். கிட்டாரோ கீபோர்டோ கிளிக் இல்லாமல் வாசித்தால் அழகாகப் பிடித்துக்கொள்கிறது. விருத்தத்தில் பிடிக்க நடையே இல்லையே! அது ஊகித்துப் போடுகிற டெம்போ கோட்டைப் பார்த்து நேரத்தை வீணாக்காமல், அந்தப் பகுதிக்கு ஸ்மார்ட் டெம்போவை அணைத்துவிடுவது நல்லது. ஏபிள்டன் லைவில் நிலைமை வேறு. வார்ப்பை (ஆடியோவை டெம்போவுக்கு ஏற்ப நீட்டிச் சுருக்குவதை) நிறுத்தி வைத்தாலும், ஒரு கிளிப் எங்கே தொடங்குகிறது என்பதை அது பீட் கணக்கில்தான் குறித்து வைக்கிறது. முன்னால் டெம்போவை மாற்றினால் பின்னால் உள்ள கிளிப் நகர்ந்துவிடும். எஃப்எல்லிலும் பிளேலிஸ்ட் பார் கணக்கில்தான் ஓடும். அதில் பாட்டின் நடுவே தாளத்தை மாற்றும் வசதியே 2018இல் 20ஆம் பதிப்போடுதான் வந்தது. ஏழு எண்ணிக்கையில் வரும் மிஸ்ர சாபுவுக்கும் ஐந்தில் வரும் கண்ட சாபுவுக்கும் அதற்கு முன் கட்டங்களை நாமே எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்தது டேக். ஒரு சரணத்தை ஐந்து முறை பாடவைத்து, ஒவ்வொன்றிலும் நல்ல வரியை எடுத்துச் சேர்க்கிற கம்பிங் வேலையில் லாஜிக் இன்றும் முதலிடம். மவுஸால் வருடினால் போதும், எந்த டேக்கில் எந்த வார்த்தை வேண்டுமோ அது மேலே வந்து நிற்கும், இணைப்பில் கிராஸ்ஃபேடும் (ஒன்று மெல்ல மங்க, அடுத்தது மெல்ல எழுவது) தானே விழும். பாடகர் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் சேர்த்து முடித்துப் போட்டுக் காட்டலாம். தான் பாடியது உருப்பெற்று வருவதைக் கேட்டதும் அடுத்த சரணத்தை அவர் பாடுகிற விதமே மாறிவிடும். ரீப்பருக்கு இந்த வருடும் முறை 2023இல், 7ஆம் பதிப்பில் வந்தது. வந்த பிறகு பெரிய குறை இல்லை. லைவுக்கு 2021இல், 11ஆம் பதிப்பில் வந்தது. எஃப்எல்லில் அடிப்படையான ஃப்ரூட்டி எடிஷன் வாங்கினால் மைக்கில் பதிவு செய்யவே முடியாது. அதற்குக் குறைந்தது புரொட்யூசர் எடிஷன் வேண்டும். விலை குறைவு என்று வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சுருதி திருத்துவதில் எல்லா மென்பொருளும் நம்மிடம் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. லாஜிக்கின் ஃப்ளெக்ஸ் பிட்ச், கியூபேஸ் ப்ரோவில் வரும் வேரிஆடியோ இரண்டுமே குரலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் பியானோவின் ஒரு கட்டைக்கு நேராக நிறுத்தும். தோடியின் காந்தாரத்தை ஒருவர் அசைத்துப் பாடினால், திரையில் அது ஒரு சுரமாக வராது, மூன்று நான்கு துண்டுகளாகச் சிதறும். 'எல்லாவற்றையும் சரிசெய்' என்று பொத்தானைத் தட்டினால் ராகம் செத்துவிடும். வேரிஆடியோவில் துண்டுகளை ஒட்டி ஒன்றாக்கி, அசைவைத் தொடாமல் மொத்தத்தையும் கொஞ்சம் மேலே கீழே நகர்த்தலாம். கமகம் பிழைக்கும் வழி அதுதான். ரீப்பரோடு வரும் ரீட்யூன் இந்த வேலைக்குப் போதாது, மெலடைன் என்ற சுருதி திருத்தும் மென்பொருளைத் தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டும். ரீப்பரின் மலிவு விலையைக் கணக்குப் போடும்போது இந்தச் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் எஃப்எல், லைவ் இரண்டும் மட்டம் என்று ஆகாது. குத்து, கானா, ராப் என்று தாளத்தில் இருந்து பாட்டுக் கட்டுபவர்களுக்கு எஃப்எல்லின் பியானோ ரோலை (சுரங்களைக் கட்டங்களில் வரையும் திரையை) மிஞ்ச எதுவும் இல்லை. ஒரு முறை வாங்கினால் வாழ்நாள் முழுக்கப் புதுப் பதிப்புகள் இலவசம் என்பது பெரிய ஆறுதல். மேடையில் லேப்டாப் வைத்து வாசிப்பவர்கள் லைவை விட்டு வேறெங்கும் போகத் தேவையில்லை. 2024இல் வந்த 12ஆம் பதிப்பில், பன்னிரண்டு சமப் பங்குச் சுருதியை விட்டு வேறு சுருதி அமைப்புகளிலும் மிடி (எந்தச் சுரம், எப்போது என்று வாத்தியத்துக்குச் சொல்லும் குறிப்பு) வாசிக்க முடிகிறது. நம் சுருதிகளைத் தேடுபவர்களுக்கு அது நல்ல விளையாட்டு மைதானம். ப்ரோ டூல்ஸை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. சினிமா மிக்ஸ் அறையில் அதுதான் இருக்கும், ஆனால் அங்கே நீங்கள் அனுப்ப வேண்டியது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டெம்கள் (குரல், தாளம் என்று பிரித்த ஆடியோ ஃபைல்கள்). அதை எதில் இருந்தும் அனுப்பலாம்.

காசு விஷயம். ரீப்பர் 60 டாலர், ஆண்டு வருவாய் 20,000 டாலரைத் தாண்டினால் 225. 60 நாள் முழு வசதியோடு பழகிப் பார்க்கலாம். சில எம்பியில் இறங்கிவிடும், ஆனால் கூடவே சொல்லிக்கொள்ளும்படி ஒரு வாத்தியமும் வராது. லாஜிக் ஒரே தவணையில் 200 டாலர், பல ஜிபிக்கு வாத்தியங்கள், 90 நாள் இலவசம். ஆனால் மேக் வேண்டும். அந்தச் செலவுதான் பெரிது. கியூபேஸில் பெரிய பதிப்பு வரும்போதெல்லாம் மேம்படுத்தக் காசு கட்ட வேண்டும். 2022இல் 12ஆம் பதிப்போடு யூஎஸ்பி டாங்கிள் (உரிமத்துக்காகக் கணினியில் செருகும் சாவி) தொல்லை ஒழிந்தது பெரிய நிம்மதி.

எதை வாங்கினாலும் அதை நடத்தும் நிறுவனம் நாளைக்கு என்ன முடிவெடுக்கும் என்பது நம் கையில் இல்லை. 2002இல் ஆப்பிள் லாஜிக்கை உருவாக்கிய இமேஜிக் நிறுவனத்தை வாங்கியதும், விண்டோஸ் லாஜிக் நின்றுபோனது. 2017இல் கிப்சன் நிறுவனம் கேக்வாக் சோனாரைக் கைவிட்டது, மறு ஆண்டு பேண்ட்லேப் எடுத்து இலவசமாகக் கொடுத்ததால் அதன் பயனர்கள் தப்பித்தார்கள். ஆகவே மாறுகிறீர்களோ இல்லையோ, மாறத் தயாராக இருப்பது அவசியம்.

மாறும்போது வலிக்கிற இடம் பழைய புராஜெக்டுகள்தான். கியூபேஸ் ஃபைலை லாஜிக் திறக்காது. கியூபேஸில் வாங்கி வைத்த விஎஸ்டி பிளக்இன்களும் லாஜிக்கில் ஓடாது. அதே பிளக்இன்னின் ஆடியோ யூனிட் வடிவம் வேண்டும், சிலவற்றுக்கு அது இருக்காது. பிட்விக்கும், ஸ்டூடியோ ஒன்னைத் தயாரித்த ப்ரிசோனஸும் சேர்ந்து 2023இல் கொண்டுவந்த டாபுராஜெக்ட் என்ற பொது வடிவம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. பிட்விக், ஸ்டூடியோ ஒன், கியூபேஸ் 14 ஆகியவற்றுக்கு இடையில் ட்ராக், ஆட்டோமேஷன், பிளக்இன் செட்டிங் வரை எடுத்துச் செல்லலாம்.

அதுவரை பழைய முறைதான். ஒவ்வொரு ட்ராக்கையும் முதல் பாரில் இருந்து தொடங்கும்படி பவுன்ஸ் செய்யுங்கள். குரலை எஃபெக்ட் போட்டு ஒன்று, வெறும் குரலாக ஒன்று. வாத்தியங்களுக்கு ஆடியோவோடு மிடியும். மிடி ஃபைலிலேயே டெம்போ மேப்பும் (டெம்போ மாறும் இடங்களின் குறிப்பும்) போய்விடும், விருத்தத்துக்குப் பிறகு நீங்கள் கஷ்டப்பட்டுப் பொருத்திய அந்தச் சமம் தொலையாது. பாட்டின் நடுவில் மாறாதீர்கள். கையில் இருக்கும் வேலைகளைப் பழையதிலேயே முடித்துவிட்டு, அடுத்த பாட்டைப் புதியதில் தொடங்குங்கள். பழைய மென்பொருளையும் அதன் உரிம விவரத்தையும் உடனே அழித்துவிட வேண்டாம். "அந்தப் பாட்டுக்கு ஒரு வரி மாத்தணும் அண்ணே" என்று போன் எப்போது வேண்டுமானாலும் வரும்.

குரலை மையமாக வைத்து வேலை செய்கிற, விண்டோஸ் கணினி மட்டும் இருக்கிற ஒருவர் இன்று என்னிடம் கேட்டால் ரீப்பர் என்பேன், கூடவே மெலடைனுக்குக் காசு ஒதுக்கச் சொல்வேன். மேக் ஏற்கெனவே இருந்தால் லாஜிக், யோசிக்கவே வேண்டாம். கியூபேஸில் பல வருடம் கை பழகியவர்கள் சவுண்டுக்காகவோ அடுத்தவர் சொன்னார் என்றோ அதை விட வேண்டியதில்லை.