ஒரு வரியில் ஒரு கிராமம்: 2011 கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடு குறித்து

ஒரு கிராமத்தில் எத்தனை பேர் வாழ்கிறார்கள், அவர்கள் யார் யார், என்ன வேலை செய்கிறார்கள் என்று இணையத்தில் தேடினால், ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஒரே வாக்கியங்களை அடுக்கும் தளங்களே முதலில் வந்து நிற்கின்றன. இத்தகைய தளங்கள் பெரும்பாலும் எடுத்தாள்வது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத்தான். அதன் மாவட்டக் கையேடு கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும்போது நகலைப் படிப்பானேன்?

கையேட்டின் முதல் பகுதி பள்ளி, குடிநீர், சாலை போன்ற வசதிகளைத் தருகிறது. இரண்டாம் பகுதி ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் ஒரு வரி ஒதுக்கி, வீடுகள், ஆண் பெண் தொகை, ஆறு வயது வரையிலான குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், எழுத்தறிந்தோர், தொழிலாளர் என்று பத்தி பத்தியாக விரிகிறது. தேடுவதில்தான் சற்றுத் தடுமாற வேண்டியிருக்கும். அன்று தமிழ்நாட்டில் 32 மாவட்டங்களே இருந்ததால், தென்காசிப் பக்கத்து ஊரைத் திருநெல்வேலியிலும் கள்ளக்குறிச்சி ஊரை விழுப்புரத்திலும் பார்க்க வேண்டும். பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருப்பதால், அத்தனை புதூர்களுக்கு நடுவே நமது புதூரை அடையாளம் காண ஆறு இலக்கக் குறியீடே துணை.

கையேட்டின் சிறந்த பகுதி தொழில் பற்றிய பத்திகளே. ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை பார்த்தவர்கள் தனியாகவும், அதற்குக் குறைவாகப் பார்த்தவர்கள் தனியாகவும் காட்டப்படுகிறார்கள். பின்னவர்களை மூன்று மாதத்தை எல்லையாக வைத்து மேலும் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். பயிரிடுவோர், விவசாயக் கூலிகள், வீட்டிலேயே கைத்தொழில் செய்வோர், பிறர் என்ற நான்கு பிரிவுகளும் ஆண் பெண் வாரியாக உள்ளன. பயிரிடுவோர் பத்தியில் ஆண்களும் குறுகிய காலக் கூலிப் பத்தியில் பெண்களும் மிகுந்திருந்தால், சாகுபடி யார் பேரில் நடக்கிறது, நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர் யார் என்பதை விளக்கவுரை இல்லாமலே ஊகித்துக்கொள்ளலாம்.

சமூக அமைப்பு என்று வரும்போது கையேடு கையை விரித்துவிடுகிறது. 1931க்குப் பிறகு முழுமையான சாதிக் கணக்கு வெளியிடப்படாத நிலையில், பட்டியலுக்கு வெளியே உள்ள சாதிகள் அனைத்தும் பெயரின்றி எஞ்சிய தொகைக்குள் அடங்கிவிடுகின்றன. பட்டியல் சாதியினர் பத்தியையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பின்னர்த் திருத்தப்பட்ட 1950ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே அதில் சேர்வதால், ஆதிதிராவிடக் கிறித்தவர்கள் நிறைந்த ஊரில் அந்த எண் காலனியின் உண்மையான அளவைவிடக் குறைவாகவே தெரியும். மேலும், ஊர்த்தெரு, காலனி, ஏரிக்கரையை ஒட்டிய இருளர் குடியிருப்பு எல்லாம் ஒரே வருவாய்க் கிராமம் என்றால் ஒரே வரிதான். குடிநீர் உண்டு என்று குறித்திருக்கும். குழாய் எந்தத் தெருவோடு நின்றுவிட்டது என்பதை ஊருக்குப் போய்த்தான் அறிய வேண்டும்.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், பழைய எண்களையே இன்னும் புரட்டிக்கொண்டிருக்கிறோம். ஆய்வு மாணவர்களுக்கும் ஊராட்சிப் பொறுப்பாளர்களுக்கும் அடித்தளமாக இந்தக் கையேட்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இன்றைய நிலவரத்துக்குக் குடும்ப அட்டைகளின் எண்ணிக்கையையும் வாக்காளர் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாகக் கொண்ட அடுத்த கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று அரசு அறிவித்துள்ளது. ஆனால் நரிக்குறவர்கள் 2023இல்தான் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள் என்பதால், அவர்கள் வாழும் ஊர்களில் அந்தப் பத்தியின் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பழங்குடி மக்கள் பெருகிவிட்டதாக எழுதிவிடக் கூடாது.