மீன் தொட்டிக்கு ஃபேன்: எது வாங்கலாம், எவ்வளவு குளிரும்?

கத்திரி வெயில் தொடங்கியதும் மீன் வளர்ப்பவர்கள் வீட்டில் தெர்மாமீட்டர் 32, 33 டிகிரி காட்டும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 32 டிகிரியில் அது 7.3 ஆகிவிடும். அதே சூட்டில் மீனின் உடல் கேட்கும் ஆக்சிஜனோ கூடிவிடுகிறது. இதற்குக் கடைகளில் கிடைக்கும் தீர்வுகள் மூன்று: யூ.எஸ்.பி.யில் ஓடும் ஒற்றைக் கிளிப் ஃபேன், இரண்டு முதல் ஆறு சிறு ஃபேன்களை வரிசையாகக் கோத்த கிளிப் ஃபேன், கம்ப்ரஸர் உள்ள சில்லர். நான்காவதாக, கம்ப்யூட்டருக்குப் போடும் 120 மி.மீ. ஃபேனை வாங்கி நாமே பொருத்துவது. பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளுக்கு இந்த நான்காவதுதான் நல்லது என்பது எங்கள் தீர்ப்பு. அதற்கு முன், எந்த ஃபேனாலும் ஓர் எல்லையைத் தாண்டிக் குளிர்விக்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போக வேண்டும்.

மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படித்தான் இதுவும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது மூன்றில் இரண்டு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தைத் தொட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. ஃபேன் செய்வதெல்லாம் தண்ணீருக்கு மேல் தேங்கி நிற்கும் ஈரக்காற்றைத் தள்ளிவிட்டு, ஆவியாதலைத் தொடர வைப்பதுதான். 3 வாட் ஃபேன் நாள் முழுக்க ஓடினாலும் 0.07 யூனிட்தான் செலவு. இவ்வளவு மலிவான குளிரூட்டல் வேறு இல்லை.

ஆனால் காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் தண்ணீர் ஆவியாகாது. ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காற்றில் எவ்வளவு இறங்குமோ, அந்த ஈரக்குமிழ் வெப்பநிலைதான் தொட்டியும் இறங்கக்கூடிய கடைசிப் படி. அறை 37 டிகிரி, ஈரப்பதம் 35 விழுக்காடு என்றால் அது ஏறக்குறைய 25 டிகிரி. மதுரை, வேலூர், திருச்சி பக்கம் கோடை நண்பகலில் இப்படி இருப்பதுண்டு. சென்னையில் பிற்பகல் கடற்காற்று வந்தபின் 33 டிகிரி, 75 விழுக்காடு ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால், அந்த எல்லை 29 டிகிரிக்கு மேலே நிற்கிறது. வீட்டுத் தொட்டி அந்த எல்லையைத் தொடுவதும் இல்லை; ஒன்றிரண்டு டிகிரி மேலேயே நின்றுவிடும். ஆக, கடலோரத்தில் 2 டிகிரி, சில நாள் 3 டிகிரி குறைந்தால் ஃபேன் நன்றாக வேலை செய்கிறது என்றே கொள்ள வேண்டும். உள் மாவட்டங்களில் 4, 5 டிகிரி வரை எதிர்பார்க்கலாம். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் எந்த ஊரின் காற்றுக்கு என்று யாரும் எழுதுவதில்லை.

இதனால்தான் ஆறு ஃபேன் கோத்த மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை. ஃபேனே இல்லாத தொட்டியில் ஒரு ஃபேன் வைக்கும்போது கிடைக்கும் இறக்கம்தான் பெரியது. இரண்டாவது ஃபேன் கொஞ்சம் சேர்க்கும். அதற்குப் பிறகு சேர்ப்பவை பெரும்பாலும் சத்தத்தையே கூட்டும். இந்த வரிசை ஃபேன்களில் இருப்பவை சின்னச் சின்ன ஃபேன்கள். போதுமான காற்று தர அவை மிக வேகமாகச் சுற்ற வேண்டும். படுக்கையறையில் அந்தக் கீச்சுச் சத்தத்தோடு தூங்குவது கடினம். 120 மி.மீ. ஃபேன் நிமிடத்துக்கு 1,000, 1,200 சுற்றிலேயே அதைவிட அகலமாகக் காற்றை அனுப்பும், சத்தமும் காதில் விழாது. இரண்டடி தொட்டிக்கு ஒன்று போதும். நான்கடிக்கு இரண்டு.

வரிசை ஃபேனில் இன்னொரு குறை, கிளிப். தடித்த கண்ணாடியிலும், விளிம்பில் பிளாஸ்டிக் சட்டம் உள்ள தொட்டியிலும் அது சரியாகக் கவ்வாது. வாங்கும் முன் கண்ணாடியின் தடிமனை அளந்துகொண்டு போங்கள். யூ.எஸ்.பி. ஒற்றை ஃபேன் ஓரடி தொட்டிக்கு, ஒரு ஃபைட்டர் மீனுக்கு, சரி. அதற்கு மேல் வேண்டாம்.

கம்ப்யூட்டர் ஃபேன் என்றால் சென்னையில் ரிட்சி தெரு, மற்ற ஊர்களில் கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடை. 12 வோல்ட், 0.15 முதல் 0.3 ஆம்பியர் வரை உள்ளதாகப் பாருங்கள். ஸ்லீவ் பேரிங் ஃபேன் ஈரக்காற்றில் சீக்கிரம் கரகரக்கும். பால் பேரிங் உள்ளது கேட்டு வாங்குங்கள். கூடவே 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர், ஸ்க்ரூ வைத்து ஒயர் முடுக்கும் டி.சி. பெண் பின், விரல் படாமல் தடுக்கும் கம்பி வலை. சத்தம் இன்னும் குறைய வேண்டுமானால் 9 வோல்ட் அடாப்டர் போடலாம். பெரும்பாலான 12 வோல்ட் ஃபேன்கள் அதில் மெதுவாக ஓடும்.

ஒயர் நிறத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மூன்று பின் ஃபேனில் வழக்கமாகக் கறுப்பு நெகட்டிவ், சிவப்பு பாசிட்டிவ், மஞ்சள் வேகத்தைக் கணிக்கும் சிக்னல். நான்கு பின் ஃபேனில் பல கம்பெனிகள் மஞ்சளைத்தான் பாசிட்டிவாக வைக்கின்றன. பச்சை சிக்னல், நீலம் வேகக் கட்டுப்பாடு. நான்கு ஒயரும் கறுப்பாகவே வரும் ஃபேனும் உண்டு. அதனால் நிறத்தை நம்பாமல் பின் வரிசையைப் பாருங்கள்: முதல் பின் நெகட்டிவ், இரண்டாவது 12 வோல்ட். மற்றவற்றை வெட்டி, தனித்தனியாக டேப் சுற்றிவிடலாம். நான்கு பின் ஃபேனில் கட்டுப்பாட்டு ஒயர் இணைக்காவிட்டால் அது முழு வேகத்தில் ஓடும், கெடாது.

பொருத்தும் இடம் ஃபேனைப் போலவே முக்கியம். தொட்டியின் குறுகிய பக்கத்தில், தண்ணீருக்கு 5 முதல் 10 செ.மீ. மேலே, நீளவாக்கில் காற்று போகும்படி 30 முதல் 45 டிகிரி சாய்த்து வையுங்கள். தண்ணீரின் மேல் சிற்றலை ஓட வேண்டும். நேராகக் கீழ்நோக்கி வைத்தால் ஓரிடத்தில் மட்டும் காற்று பட்டு, மீதிப் பரப்பில் ஈரம் தேங்கும். எல் வடிவ அலுமினியப் பட்டியும் துருப்பிடிக்காத ஸ்டீல் திருகும் போதும். இரும்புத் திருகு துருப்பிடித்துத் தண்ணீரில் சொட்டும். மின் ஒயர் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவு கீழே தொங்கி மேலே ஏறட்டும். ஒயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

கண்ணாடி மூடியை எடுத்தாக வேண்டும். மூடியை வைத்துக்கொண்டு ஓர் ஓட்டையில் ஃபேன் வைப்பது வீண் வேலை. மூடி போனால் மீன் குதிக்கும், அதனால் மேலே பெரிய கண் கொண்ட வலை வேண்டும். கொசுவலை போட்டால் காற்று நின்றுவிடும்.

ஃபேன் வாங்கும் முன் தொட்டிக்குள் சூடு எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் 20 வாட் பம்ப், தான் எடுக்கும் மின்சாரம் முழுவதையும் கடைசியில் தண்ணீரில் வெப்பமாகத்தான் விடுகிறது. அதை ஈடுகட்ட மட்டுமே ஒரு நாளைக்கு 700 மில்லி தண்ணீர் ஆவியாக வேண்டும். அதே ஓட்டத்தை 8 வாட்டில் தரும் பம்ப் கிடைத்தால், அதை மாற்றுவது இரண்டாவது ஃபேன் வாங்குவதைவிட மேல். விளக்கையும் பகல் உச்சியில் எரிய விடாமல் மாலைக்குத் தள்ளலாம்.

இனி கன்ட்ரோலர், அதாவது தண்ணீரின் வெப்பநிலையைப் பார்த்து ஃபேனைத் தானாக ஓடவும் நிற்கவும் வைக்கும் கருவி. இது இல்லாத ஃபேனை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பகலில் 29 டிகிரியில் நிற்கும் தொட்டி, ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தால் கோடை மழை பெய்த இரவில் 25க்குப் போய்விடும். இப்படி ஏறி இறங்குவதுதான் மீனை நலிய வைத்து வெண்புள்ளி நோய்க்கு இடம் கொடுக்கிறது. நிலையான 29, ஆடும் 26ஐவிட நல்லது. ஐஸ் பாட்டில் போடுவதை நாங்கள் எதிர்ப்பதும் இதனால்தான்.

எஸ்.டி.சி.-1000 பரவலாகக் கிடைக்கும் கன்ட்ரோலர். 230 வோல்ட்டில் இயங்கும் மாடலாகக் கேளுங்கள். முனை 1, 2 மின்சாரம். 3, 4 சென்சார். 5, 6 ஹீட்டர். 7, 8 குளிர்விப்பு. 7, 8 வெறும் சுவிட்ச்தான், தானாக மின்சாரம் தராது. ஃபேஸ் ஒயரை 7இல் கொடுத்து 8இலிருந்து அடாப்டருக்கு எடுக்க வேண்டும். வேண்டிய வெப்பநிலையைக் குறிக்கும் எஃப்1இல் 27, இடைவெளியைக் குறிக்கும் எஃப்2இல் 0.5 வைத்தால், 27.5இல் ஃபேன் தொடங்கி 27இல் நிற்கும். எஃப்3 கம்ப்ரஸருக்கான தாமதம், ஃபேனுக்கு 1 நிமிடம் போதும். சென்சாரில் ஒரு டிகிரி வரை பிழை இருக்கலாம். நம்பகமான தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டு எஃப்4இல் திருத்துங்கள். கடலோரத்தில் எஃப்1ஐ 25இல் வைக்காதீர்கள். தொட்டி அங்கே போகவே போகாது, ஃபேன் நிற்காமல் ஓடும். 230 வோல்ட் வேலை தெரியாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அல்லது 12 வோல்ட்டிலேயே இயங்கும் டபிள்யூ1209 போர்டை வாங்குங்கள். அதில் பி0 என்ற அமைப்பு, குளிர்விப்பைக் குறிக்கும் ‘சி’யில் இருக்க வேண்டும். இடைவெளியைக் குறிக்கும் பி1 இரண்டு டிகிரியாக வரும், அதை 0.5 ஆக்குங்கள். திறந்த போர்டு என்பதால் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள், 230 வோல்ட்டை அதன் ரிலே வழியே விடாதீர்கள்.

ஹீட்டரும் இருக்கும் தொட்டியில் இரண்டுக்கும் நடுவே குறைந்தது 2 டிகிரி இடைவெளி வேண்டும். இல்லையென்றால் ஒன்று சூடாக்க, மற்றொன்று குளிர்விக்க, மின்கட்டணம் மட்டும் ஏறும்.

ஃபேனின் உண்மையான விலை தண்ணீரில் தெரியும். இரண்டடி தொட்டியில் நாளொன்றுக்கு அரை முதல் ஒன்றரை லிட்டர் வரை குறையும். தண்ணீர் மட்டம் இறங்கினால் தொங்கும் ஃபில்டர் காற்றை இழுக்கும், ஹீட்டர் வெளியே தெரிந்து கண்ணாடி வெடிக்கும். அதைவிட மெதுவாக வரும் கேடு உப்பு. ஆவியாவது தண்ணீர் மட்டும். கரைந்த உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கும். 50 லிட்டர் தொட்டியில் தினம் ஒரு லிட்டர் வீதம் டி.டி.எஸ். (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு) 600 உள்ள போர் தண்ணீரை ஊற்றினால், தண்ணீர் மாற்றாத மாதத்தில் தொட்டியின் டி.டி.எஸ். 360 ஏறும். இறாலுக்கு அது ஆபத்து. குறைந்ததற்கு ஈடாக ஊற்றுவது ஆர்.ஓ. தண்ணீராக இருக்கட்டும். வாராந்தரத் தண்ணீர் மாற்றத்துக்கு வழக்கமான தண்ணீர் போதும். மாநகராட்சித் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கி ஊற்றுங்கள். மே மாத நண்பகலில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் வரும். விடியற்காலையில் பிடித்து வைத்ததை ஊற்றுங்கள். கடல்நீர்த் தொட்டிக்கு எப்போதும் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர்தான்: 100 லிட்டரில் 2 லிட்டர் போனால் உப்பு ஆயிரத்துக்கு 35இலிருந்து 35.7க்கு ஏறும். அங்கே தானாக நிரப்பும் டாப்-அப் கருவி இல்லாமல் ஃபேன் வைக்கக் கூடாது.

ஆவியான தண்ணீர் அறையிலேயே சுற்றினால் ஈரப்பதம் ஏறி, ஃபேன் தன் வேலையைத் தானே கெடுத்துக்கொள்ளும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அல்லது எக்ஸாஸ்ட் ஓட வேண்டும். பிளைவுட் ஸ்டாண்டின் ஓரங்கள் ஊறிப் புடைப்பதும் மூடிய அறைகளில்தான்.

எந்த மீனுக்கு இது போதும்? கப்பி, மோலி, ஏஞ்சல், ஃபைட்டர், செர்ரி இறால் ஆகியவற்றுக்குச் சென்னையிலும் போதும். நியான் டெட்ராவுக்கும் தங்கமீனுக்கும் உள் மாவட்டங்களில் போதும். கடலோரத்தில் ஏர் பம்ப்பும் சேர்த்தால் கோடையைத் தாண்டலாம். டிஸ்கஸுக்கு 28, 30 டிகிரிதான் பிடிக்கும், ஃபேனே வேண்டாம். கிரிஸ்டல் ரெட் இறாலுக்கும் பவளத் தொட்டிக்கும் கடலோரத்தில் ஃபேனை நம்பாதீர்கள். அங்கே பல்லாயிரம் ரூபாய் போனாலும் சில்லர்தான், அல்லது ஏ.சி. ஓடும் அறை. சில்லர் தொட்டியிலிருந்து எடுக்கும் சூட்டை அறைக்குள்தான் விடும் என்பதால் அதற்கும் காற்றோட்டம் வேண்டும்.

மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டு இறக்கைகளை உலர்ந்த தூரிகையால் துடையுங்கள். ஈரத்தோடு சேர்ந்த தூசி ஒரு பக்கமாகப் படிந்தால் ஃபேன் அதிரும், பேரிங் தேயும். கோடை மின்வெட்டுக்கு வைஃபை ரூட்டருக்கு விற்கும் 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். இந்த ஃபேனுக்கு அப்படியே பொருந்தும். டபிள்யூ1209 போர்டையும் அதிலேயே ஓட்டலாம். எஸ்.டி.சி.-1000 வைத்தவர்கள் கவனிக்க: மின்சாரம் போனால் அந்தக் கன்ட்ரோலரும் நின்றுவிடும். மினி யூ.பி.எஸ்.ஸிலிருந்து ஃபேனுக்கு நேராக ஓர் இணைப்பைத் தயாராக வைத்திருந்து, கரன்ட் வந்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள்.