ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், பண்டபெர்க் பக்கம் "வேலையோடு தங்குமிடம்" என்று யாராவது கூப்பிட்டால், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஆஸ்திரேலியாவுக்கு ஒர்க் அண்ட் ஹாலிடே விசாவில் (462) வரும் கணவன் மனைவிக்காக இதை எழுதுகிறேன். தனியாக வருகிறவர்களும் படியுங்கள். ஆனால் இந்த ஏமாற்று வேலையில் ஜோடியாக வருகிறவர்கள்தான் நன்றாக மாட்டுகிறோம், ஏன் என்று கீழே சொல்கிறேன். நானும் இவரும் 2025 ஏப்ரல், மே மாதங்களில் ஆறு வாரம் வெயிலில் குனிந்து வேலை செய்துவிட்டு, கடைசியில் கணக்குப் பார்த்தால் கையிலிருந்து 1,900 டாலர் போயிருந்தது. நம்ம ஊர்ப் பணத்தில் ஒரு லட்சத்துக்கு மேல். சாப்பாட்டுச் செலவு அதில் சேரவில்லை. விடுதியின் பெயரையும் ஆளின் பெயரையும் இங்கே போடவில்லை, புகார் இன்னும் நடக்கிறது.

இந்த விசா எங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று தெரிந்தால்தான் நாங்கள் ஏன் அவ்வளவு அவசரப்பட்டோம் என்பது புரியும். இந்தியர்களுக்கு இது திறந்ததே 2024-இல்தான், வருஷத்துக்கு 1,000 பேர், 18 முதல் 30 வயது வரை, குலுக்கல் முறை. 25 டாலர் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். அக்டோபர் 1-ஆம் தேதி திறந்து முதல் இரண்டு வாரத்திலேயே 40,000 பேர் பதிந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. கணவன் மனைவி என்று ஒரே விண்ணப்பம் கிடையாது, ஒருவர் பெயரில் இன்னொருவர் வரவும் முடியாது, ஆளுக்கு ஒரு சீட்டு. இவருக்கு அப்போது 30 வயது, அடுத்த வருஷம் போடவே முடியாது. இரண்டு பேர் பெயரும் வந்தபோது அத்தை கொடுமுடியில் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். அப்புறம் ஆளுக்கு 650 டாலர் விசா கட்டணம், ஆளுக்கு 5,000 டாலர் வங்கியில் காட்ட வேண்டும், டிக்கெட். நகை அடகில் இருக்கிறது.

இரண்டாம் வருஷ விசாவுக்குக் குலுக்கல் இல்லை. அதற்குப் பதிலாக அரசு குறிப்பிட்ட பகுதிகளில் மூன்று மாதம், அதாவது 88 நாள், விவசாயம் மாதிரியான வேலை செய்திருக்க வேண்டும். எல்லாரும் "எண்பத்தெட்டு நாள்" என்றுதான் சொல்வார்கள். அந்த 88-ஐ வைத்துத்தான் ஒரு பெரிய வியாபாரம் நடக்கிறது.

பிரிஸ்பேனில் இறங்கி நான்காவது நாள், ஒரு குழுவில் எங்கள் கேள்வியைப் பார்த்துவிட்டு ஒருவர் வாட்ஸ்ஆப்பில் வந்தார். தமிழ்க்காரர். "தங்கச்சி, நீங்க ரெண்டு பேரும் வந்துருங்க, மறுநாளே வேலை, 88 நாள் என் பொறுப்பு, அண்ணன் இருக்கேன்ல." வாரத்துக்கு ஆளுக்கு 260 டாலர் வாடகை, தம்பதிகளுக்குத் தனி அறை, பண்ணைக்கு வேன். இடத்தை உறுதி செய்ய ஆளுக்கு 300 பாண்ட் (காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டிய வைப்புப் பணம்), இரண்டு வார வாடகை முன்பணம். இரண்டு பேருக்கும் சேர்த்து 1,640 டாலர் அன்று இரவே அனுப்பிவிட்டோம். ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் ஒருவர் தமிழில் "சாப்டீங்களா" என்று கேட்டதும் மனசு இளகிவிட்டது, வேறு காரணம் எதுவும் இல்லை. ரசீது வேண்டும் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் கேளுங்கள். தமிழில் பேசுகிறார் என்பதற்காகப் பணம் அனுப்பாதீர்கள்.

ரயிலில் நாலரை மணி நேரம். பண்டபெர்க்கில் இறங்கி அங்கிருந்து வேனில் விடுதிக்குப் போனோம். தனி அறை "இப்போ காலி இல்லை, அடுத்த வாரம்". எட்டுப் பேர் படுக்கும் அறையில் எனக்கு மேல் கட்டில், இவருக்கு எதிர்ப்பக்கம் கீழ்க் கட்டில். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

சமையலறைச் சுவரில் ஒரு ஒயிட் போர்டு. தினமும் மாலை 5 மணி வாக்கில் மறுநாள் எந்தப் பண்ணைக்கு யார் யார் என்று மேலாளர் எழுதுவார். நாற்பது பேர் இருப்போம், எழுதுவது பதினைந்து பதினாறு பெயர். ஜப்பான், தைவான், இத்தாலி, அர்ஜென்டினா என்று எல்லா நாட்டுப் பிள்ளைகளும் அடுப்பில் நூடுல்ஸை வைத்துவிட்டு அந்தப் போர்டையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முதல் ஒன்பது நாள் எங்கள் இரண்டு பேர் பெயரும் இல்லை. பத்தாவது நாள் இவர் பெயர் மட்டும் வந்தது. அடுத்த நாளும் இவர் மட்டும். இவருக்குக் கிடைக்கிறது, எனக்கும் சீக்கிரம் கிடைத்துவிடும் என்று நினைத்து இன்னொரு வாரம் வாடகை கட்டினேன். இப்படியே ஆறு வாரம். இவருக்கு 23 நாள் வேலை, எனக்கு 11 நாள்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. பக்கத்து அறையில் இருந்த அர்ஜென்டினா தம்பதிக்கும் அப்படியே நடந்தது, அங்கே மனைவிக்கு வேலை, கணவன் சும்மா. இரண்டு பேருக்கும் வேலை கொடுக்காவிட்டால் மூன்றாவது வாரம் கிளம்பிவிடுவோம். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் இன்னொருவர் விட்டுவிட்டுப் போகமாட்டார், இரண்டு கட்டிலுக்கும் வாடகை வந்துகொண்டே இருக்கும். விடுதிக்கு வருமானம் நாம் வேலை செய்வதால் வருவதில்லை, வேலைக்காகக் காத்திருப்பதால் வருகிறது. போர்டில் ஒரு வாரத்துக்கு மேல் ஒருவர் பெயர் மட்டும் வந்தால், தயவுசெய்து அன்றைக்கே வேறு இடம் பார்க்கத் தொடங்குங்கள்.

வேலை எனக்குப் புதிதில்லை. அப்பா ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் போட்டவர், விடுமுறையில் களத்தில் நின்று வளர்ந்தவள் நான். செர்ரி தக்காளி பறிப்பது. காலை 5 மணிக்கு வேன், ஆளுக்கு 12 டாலர் வேன் காசு. தக்காளிச் செடியைத் தொட்டாலே கையில் பச்சைப் பிசின் மாதிரி ஒட்டும், மதியத்துக்குள் அது கறுத்துவிடும், சோப்பு போட்டாலும் போகாது, எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்தால்தான் கொஞ்சம் போகும். பக்கெட்டுக்கு 5 டாலர். காம்பு இருந்தால் கழிவு, கொஞ்சம் பச்சையாக இருந்தால் கழிவு. ஏழு மணி நேரத்தில் இவர் 14 பக்கெட், நான் 11. அதாவது எனக்கு ஒரு நாளைக்கு 55 டாலர், வேன் காசு போக 43.

"பக்கெட் கணக்குன்னா அப்படித்தான் தங்கச்சி, பழகினா 40 பக்கெட் எடுப்பீங்க" என்றார் அண்ணன். அது பொய் என்பது எனக்கு ஐந்து வாரம் கழித்துத்தான் தெரிந்தது. பக்கெட் கணக்கில் கூலி கொடுப்பது சட்டப்படி சரிதான். ஆனால் 2022 ஏப்ரல் 28 முதல் தோட்ட வேலைக்கான விதியில் ஒரு அடிமட்டம் வைத்துவிட்டார்கள்: எத்தனை பக்கெட் எடுத்தாலும், வேலை செய்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குறைந்தபட்ச மணிக்கூலி வந்தே ஆக வேண்டும். நிரந்தரம் இல்லாத ஆட்களுக்கு 25 சதவீதம் சேர்த்து அது அப்போது ஏறக்குறைய 30 டாலர். வேலை தொடங்கும் முன்பே பக்கெட் விலையை எழுத்தில் தர வேண்டும், மணிக்கணக்கையும் அவர்கள் பதிய வேண்டும். எங்கள் 34 நாளுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 7,000 டாலர் வந்திருக்க வேண்டும், வந்தது 2,215.

பே ஸ்லிப்பும் இல்லை. முதல் நாளே "டிஎஃப்என் வர நாளாகும், ஏபிஎன் எடுத்துக்கோங்க, அஞ்சு நிமிஷம்தான்" என்று போனை வாங்கி அவரே பதிந்து கொடுத்தார். எவ்வளவு உதவி செய்கிறார் என்று நினைத்தேன். டிஎஃப்என் என்பது சம்பளத்துக்கு வேலை செய்பவர் தரும் வரி எண், ஏபிஎன் என்பது சொந்தத் தொழில் செய்பவருக்கான எண். அதை எடுக்க வைத்துவிட்டால் நாம் அவருடைய தொழிலாளி இல்லை, தனி ஒப்பந்தக்காரர் என்று சொல்லிவிடலாம், குறைந்தபட்சக் கூலி வேண்டாம், சூப்பர் என்கிற ஓய்வூதியப் பங்கு வேண்டாம், அடிபட்டால் பொறுப்பும் வேண்டாம். ஒருவர் சொல்லும் நேரத்துக்கு, அவர் வேனில், அவர் பக்கெட்டில் பறிக்கிறவர் எப்படி ஒப்பந்தக்காரர் ஆவார்? பண்ணை வேலைக்கு யாராவது ஏபிஎன் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இதைவிடப் பெரிய அடி இன்னொன்று. சட்டப்படி சம்பளம் கொடுத்த வேலைதான் 88-இல் சேரும், அதற்கு பே ஸ்லிப் காட்ட வேண்டும். அப்படியானால் அந்த 34 நாளில் ஒன்றைக்கூட எங்களால் காட்ட முடியாது. இதை நான் கேட்டபோது அவர், "கவலைப்படாதீங்க, மீதி நாளுக்கும் சேர்த்து பேப்பர் போட்டுத் தர்றேன், ஆளுக்கு 800 கொடுங்க" என்றார். செய்யாத நாளுக்குக் காகிதம் வாங்குவது குற்றம், விசாவே போகும். இவர் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, பக்கத்து அறைக்காரர்கள் காரில் சில்டர்ஸ் என்ற ஊருக்குப் போனார்கள், நாங்களும் போனோம். ஐம்பது கிலோமீட்டர் போல. அங்கே 2000 ஜூன் 23-ஆம் தேதி ஒரு பேக்பேக்கர் விடுதி தீப்பற்றி 15 பேர் இறந்துபோனார்கள், பழம் பறிக்க வந்த வெளிநாட்டுப் பிள்ளைகளே அதிகம். இப்போது அந்தக் கட்டடத்தில் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது, 15 பேரையும் ஒரே ஓவியத்தில் சிரித்தபடி வரைந்து வைத்திருக்கிறார்கள். எல்லாரும் எங்களைவிடச் சின்னவர்கள் மாதிரித் தெரிந்தார்கள். அன்று அங்கே புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்யவில்லை, ஒரு அறையில் ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தார்கள். நான் அதைப் படித்துவிட்டு வந்து எங்கள் அறையைப் பார்த்தேன். ஜன்னலில் இரண்டு பக்கமும் ஸ்க்ரூ அடித்திருந்தது. கூரையில் இருந்த புகைக் கருவியைப் பிளாஸ்டிக் பை சுற்றி டேப் ஒட்டி மூடியிருந்தார்கள், யாரோ அறைக்குள் சிகரெட் பிடிப்பதற்காக. ஆறு வாரம் அதற்கு இரண்டு அடி கீழே படுத்திருக்கிறேன், ஒரு நாள்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்று இரவு தூங்க முடியவில்லை. எங்கே தங்கினாலும் போனதும் முதலில் ஜன்னல் திறக்கிறதா என்று பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

மறுநாள் காலி செய்கிறோம் என்றோம். இரண்டு வாரம் முன்னால் சொல்லியிருக்க வேண்டுமாம், எட்டு வாரம் முடியாமல் போனால் பாண்ட் கிடையாதாம். எங்கே எழுதியிருக்கிறது என்றால், "ஹவுஸ் ரூல்". 600 டாலர் அப்படியே போனது. குவீன்ஸ்லாந்தில் வாடகை பாண்டைப் பத்து நாளுக்குள் ஆர்டிஏ என்கிற அரசு அமைப்பிடம் செலுத்த வேண்டும். எங்கள் பணம் அங்கே போகவே இல்லை. பணம் கொடுக்கும் முன் "பாண்டை ஆர்டிஏ-வில் கட்டுவீர்களா" என்று எழுத்தில் கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

புகார் கொடுத்தால் விசாவை ரத்து செய்துவிடுவார்களோ என்று பயந்துதான் நாங்கள் இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தோம். அந்தப் பயம் வேண்டாம், 2024 ஜூலையிலிருந்து சம்பள மோசடியைப் புகார் செய்பவர்களின் விசாவைக் காப்பாற்றத் தனி ஏற்பாடே வைத்திருக்கிறார்கள். சம்பளப் புகார்களை விசாரிக்கும் அரசு அலுவலகமான ஃபேர் ஒர்க் ஆம்பட்ஸ்மன் எண் 13 13 94. ஆங்கிலத்தில் தடுமாறினால் முதலில் 13 14 50-ஐக் கூப்பிட்டுத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், காசு கிடையாது. எனக்கு ஆங்கிலம் வரும், ஆனாலும் அழுகையோடு பேச வந்தது தமிழ்தான், அந்த அம்மா பொறுமையாகக் கேட்டு ஒவ்வொரு வரியாகச் சொன்னார்.

எங்களைக் காப்பாற்றியது இவருடைய கையடக்க நோட்டு. எத்தனை மணிக்கு வேன் ஏறினோம், எந்தப் பண்ணை, எத்தனை பக்கெட், எத்தனை மணிக்கு முடிந்தது என்று தினமும் எழுதி வைத்திருந்தார். ஊரில் பால் கணக்கு எழுதுகிற பழக்கம். நான் ஒயிட் போர்டை அவ்வப்போது போட்டோ எடுத்திருந்தேன், அதில் எங்கள் பெயர் இருந்தது. அப்புறம் குவீன்ஸ்லாந்தில் ஆட்களை வேலைக்கு அனுப்பும் யாருக்கும் லைசென்ஸ் வேண்டும், அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். எங்கள் அண்ணன் பெயர் அதில் இல்லை. இதைப் பார்க்க இரண்டு நிமிஷம்தான் ஆகும், 1,640 டாலர் அனுப்பும் முன் பார்த்திருக்கலாம்.

மணிக்கணக்கோடு அண்ணனுக்குக் கடிதம் எழுதி அனுப்பியதும் 1,500 டாலர் கணக்கில் வந்து விழுந்தது, ஒரு வார்த்தை பேச்சு இல்லை. மீதிக்கு நடந்துகொண்டிருக்கிறது. இப்போது கெய்ண்டா பக்கம் ஒரு மாண்டரின் தோட்டத்தில் இரண்டு பேரும் மணிக்கூலிக்கு இருக்கிறோம், வாராவாரம் பே ஸ்லிப் வருகிறது, 88-ஐ ஒன்றிலிருந்து எண்ணுகிறோம், நேற்றோடு 19.

நாங்கள் பெட்டியோடு வாசலில் நின்றபோது வேனில் இரண்டு பெண்கள் வந்து இறங்கினார்கள், நாகர்கோவில் பக்கம். எல்லாவற்றையும் சொன்னேன். "பணம் கட்டிட்டோமே அக்கா" என்று உள்ளே போய்விட்டார்கள். எண் கொடுத்துவிட்டு வந்தேன், இன்னும் கூப்பிடவில்லை. அந்தப் பிள்ளைகளை யாருக்காவது தெரிந்திருந்தால் இந்தப் பதிவைக் காட்டுங்கள். நாங்கள் எழுதிய கடிதத்தின் மாதிரி என்னிடம் இருக்கிறது, பெயரையும் மணிக்கணக்கையும் மாற்றினால் போதும், கேட்கிறவர்களுக்கு அனுப்புகிறேன்.