ஷேர்டு ஹோஸ்டிங்கா, வி.பி.எஸ்ஸா?

"மாதம் இத்தனை ஆயிரம் பேர் வருகிறார்கள், வி.பி.எஸ்ஸுக்கு மாறிவிடலாமா?" என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். இணையதளத்தை வைக்க ஒரே சர்வரைப் பலருடன் பகிர்ந்துகொள்வது ஷேர்டு ஹோஸ்டிங்; சர்வரின் ஒரு பகுதியை மெய்நிகர் சர்வராகத் தனியே வாடகைக்கு எடுப்பது வி.பி.எஸ். மாதக் கணக்கை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே நேரத்தில் எத்தனை பேருக்காக பிஎச்பி (சர்வரில் பக்கத்தைத் தயாரிக்கும் நிரல்மொழி) ஓட வேண்டியிருக்கிறது, சர்வரைக் கவனிக்க ஆள் உண்டா என்று பார்க்க வேண்டும். பலரும் தளம் அமைக்கப் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடும் தளத்தையே எடுத்துக்கொள்வோம்.

ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான கணக்குகள் இருக்கும். விளம்பரத்தில் 'அன்லிமிடெட்' என்று போட்டிருந்தாலும் கடிவாளம் வேறிடத்தில் இருக்கிறது. பல நிறுவனங்கள் கிளவுட்லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மூலம் ஒவ்வொரு கணக்குக்கும் சிபியு, ரேம், 'என்ட்ரி பிராசஸ்' (ஒரே நேரத்தில் பிஎச்பி கவனிக்கும் கோரிக்கைகள்) ஆகியவற்றுக்கு வரம்பு வைக்கின்றன. என்ட்ரி பிராசஸ் பெரும்பாலும் 20. அது நிரம்பினால் வருகிறவருக்கு 508 பிழைதான் தெரியும்.

20 என்பதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். ஒரு பக்கம் அரை நொடியில் தயாராகிறது என்றால், நொடிக்கு 40 கோரிக்கைகளைச் சமாளிக்கலாம். அதே பக்கம் 4 நொடி இழுத்தால் நொடிக்கு ஐந்துதான். தயாரான பக்கத்தைச் சேமித்துவைத்துத் தரும் கேஷ் பிளகின் போட்டுவிட்டால் பெரும்பாலான பக்கங்கள் பிஎச்பியைத் தொடாமலேயே போய்விடும். கட்டுரைகள் மட்டும் வெளியிடும் இதழுக்கு இது தாராளம்.

கடை நடத்துகிறவர் நிலை வேறு. கூடை, பணம் செலுத்தும் பக்கம், உள்நுழைந்தவர் பார்க்கும் பக்கம் எதையும் கேஷ் செய்ய முடியாது. இங்கேதான் வி.பி.எஸ்ஸுக்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் மாதம் ஐந்தாறு டாலருக்குக் கிடைக்கும் 1 ஜிபி ரேம் வி.பி.எஸ்ஸை வாங்கிப் பயனில்லை. வேர்ட்பிரஸ்ஸின் ஒரு பிஎச்பி பிராசஸ் சாதாரணமாக 50 முதல் 80 எம்பி வரை தின்னும். பத்துப் பிராசஸ் சேர்ந்தால் தளத்தின் டேட்டாபேஸான மைசீக்வலுக்கு இடமிருக்காது. ரேம் தீர்ந்ததும் லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) மைசீக்வலையே கொன்றுவிடும். தளத்தில் 'டேட்டாபேஸ் இணைப்பு இல்லை' என்ற வாசகம் மட்டும் நிற்கும். பழைய ஷேர்டு கணக்கு இதைவிட நன்றாகவே ஓடியிருக்கும்! 2 ஜிபிக்குக் குறைந்து எடுக்காதீர்கள். மலிவான திட்டங்களில் சிபியுவும் பங்கிடப்பட்டதுதான். சர்வரின் சுமையைக் காட்டும் டாப் கட்டளையில் 'எஸ்டி' (st) என்ற எண் ஏறிக்கொண்டே இருந்தால், பக்கத்து வாடிக்கையாளர்கள் உங்கள் நேரத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள்.

வாடகையைவிடப் பெரிய செலவு பராமரிப்பு. வி.பி.எஸ் திறந்த சில மணி நேரத்திலேயே தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழியான 22ஆம் போர்ட்டில் கடவுச்சொல்லை ஊகித்து நுழையும் முயற்சிகள் தொடங்கிவிடும். 2024 ஜூன் 30 அன்று சர்வர் இயங்குதளமான சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு முடிந்தபோது, ஷேர்டில் இருந்தவர்களுக்காக நிறுவனமே மாற்றிக்கொடுக்க வேண்டியிருந்தது. தாங்களே நிர்வகிக்கும் வி.பி.எஸ் வைத்திருந்தவர்களுக்கு அது சொந்த வேலை. தளத்தை உலாவியிலிருந்தே நிர்வகிக்க உதவும் சி-பேனல் வேண்டும் என்றால், 2019இல் கணக்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற கட்டணமாக மாறிய பிறகு அதன் உரிமத் தொகையே சின்ன வி.பி.எஸ் வாடகையைத் தாண்டிவிடுகிறது. மின்னஞ்சலும் தலைவலிதான்: பல கிளவுட் நிறுவனங்கள் மின்னஞ்சல் வெளியே போகும் 25ஆம் போர்ட்டை மூடியே தருகின்றன. அதற்குத் தனிச் சேவை வாங்கிவிடுங்கள்.

ஷேர்டில் ஏமாற்றுவது முதல் ஆண்டுச் சலுகை விலை. புதுப்பிக்கும் விலையையும் 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்துப் பார்த்துதான் ஒப்பிட வேண்டும்.

மாறும் முன் கேஷ் பிளகினைப் போட்டுவிட்டு, சி-பேனலில் 'ரிசோர்ஸ் யூசேஜ்' பக்கத்தை இரண்டு வாரம் கவனியுங்கள். என்ட்ரி பிராசஸ் அப்போதும் முட்டிக்கொண்டே இருந்தால் வி.பி.எஸ் எடுங்கள். லினக்ஸ் தெரிந்தவர் கைவசம் இல்லையென்றால், கூடுதல் பணம் கொடுத்து நிறுவனமே நிர்வகிக்கும் திட்டத்தை வாங்குங்கள்.