கல்யாண கேசட்டை டி.வி.டி.யாக்க வாங்கிய கருவி: மூன்று வார அனுபவம்

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் 1,150 ரூபாய்க்கு வாங்கினேன். விரல் நீளக் கருவி. ஒரு பக்கம் கம்ப்யூட்டரின் யூ.எஸ்.பி.யில் சொருக வேண்டும். மறுபக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வயர் வரும், அதை, கேசட் ஓட்டும் பழைய வி.சி.ஆரில் மாட்ட வேண்டும். டப்பாவின் மேல் 'ஒரே கிளிக்கில் டி.வி.டி.' என்று போட்டிருக்கிறது. எனக்கு மூன்று வாரம் ஆனது. அதே கருவியை வாங்க நினைப்பவர்களுக்கு அந்த மூன்று வாரம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கோட்டையூர் வீட்டில் 1992 தை மாதம் நடந்த என் கல்யாணம் மூன்று கேசட். 1996-ல் அப்பச்சியின், அதாவது என் அப்பாவின், அறுபதாம் கல்யாணம், எங்கள் பக்கம் சாந்தி என்போம், அது ஒரு கேசட். நான்கும் இரண்டாங்கட்டு அறையில் டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தன. அப்பச்சி போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அவர் குரல் அந்த ஒரு கேசட்டைத் தவிர வேறெதிலும் பதிவாகவில்லை.

முதல் நாள் படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. அதோடு கீழிருந்து மேலே ஓடிக்கொண்டே இருந்தது. கடைக்குப் போன் செய்தேன். "கேசட் போயிருச்சு ஆச்சி, கலர் போனா வராது" என்று சொல்லிவிட்டார்கள். நான் நம்பி ஒரு ராத்திரி தூங்கவில்லை. மறுநாள் அண்ணன் மகன் வந்து மென்பொருளின் செட்டிங்கைத் திறந்து பார்த்தான். அதில் என்.டி.எஸ்.சி. என்று இருந்தது. அது அமெரிக்காவில் இருந்த டி.வி. பட முறை, படத்துக்கு 525 வரி, நொடிக்கு ஏறக்குறைய 30 படம். நம் ஊர் கேசட் எல்லாம் பி.ஏ.எல்., 625 வரி, நொடிக்கு 25 படம். முறை மாறியிருந்தால் வண்ணத்தைக் கருவியால் பிரிக்க முடியாது, படமும் நிற்காமல் ஓடும். "மாத்திட்டேன் அயித்தை, பாருங்க" என்றான். கூறைப் புடவையின் அரக்குச் சிவப்பு அப்படியே எழுந்து வந்தது. பின்னால் வளவின் தூண்களும் ஆத்தங்குடிக் கல் தரையும் தெரிந்தன. இந்த ஒரு செட்டிங்கைக் கடைக்காரர் சொல்லியிருந்தால் போதும். இந்தியாவில் விற்கும் பொருளை என்.டி.எஸ்.சி.யில் வைத்து விற்பது தவறு, அதற்காக ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன்.

அடுத்தது, சத்தமே வரவில்லை. வயரை நான்கு முறை கழற்றி மாட்டினோம். விண்டோஸ் இந்தக் கருவியின் ஒலியை மைக் என்று எடுத்துக்கொள்கிறது. பிரைவசி பகுதியில் மைக்கைத் தடுத்து வைத்திருந்தால் படம் மட்டும் வரும். அதைத் திறந்து விட்டதும் நாதஸ்வரம் கேட்டது.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது சத்தம் பிந்திப் போனதுதான். ஆரம்பத்தில் எல்லாம் சரியாக இருக்கும். ஒரு மணி நேரம் போனபின், திருப்பூட்டும்போது, அதாவது தாலி கட்டும்போது, எல்லாரும் அட்சதை போட்டு முடித்துக் கையை இறக்கியபிறகு கெட்டிமேளம் கேட்கும். காரணம் இதுதான்: பழைய கேசட்டிலிருந்து வரும் சிக்னல் ஆடும். கருவி சில படங்களை விட்டுவிடும். ஒலியோ முழுதாகவே வரும். ஒவ்வொரு படமாக விடுபட்டுப் படம் முன்னால் போய்விடுகிறது. மென்பொருளின் ஓரத்தில் விடுபட்ட படங்களின் (ஃபிரேம்) எண்ணிக்கை காட்டும், அதைப் பார்த்துக்கொண்டே பதிவு செய்ய வேண்டும். நான் யூ.எஸ்.பி. ஹப்பை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளையில் நேராகச் சொருகினேன். பதிவு முடியும்வரை வைரஸ் தேடும் மென்பொருளை நிறுத்தினேன், நெட்டையும் அணைத்தேன். கொஞ்சம் குறைந்தது. முழுக்கச் சரியானது, என் அயித்தை வீட்டில் தூங்கிக் கிடந்த டி.வி.டி. ரெக்கார்டர் ஒன்றை வி.சி.ஆருக்கும் கருவிக்கும் நடுவே மாட்டியபோது. அது பதிவு செய்ய வேண்டாம், படத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டால் போதும், வரும் சிக்னல் ஆட்டமில்லாமல் சீராகிவிடுகிறது. எல்லா ரெக்கார்டரும் இப்படிச் செய்யாது, மாட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதன்பின் ஒரு மணி நேரப் பதிவில் இரண்டே படம்தான் விடுபட்டது.

பதிவு ஒரு மணி பத்து நிமிஷத்தில் தானாக நின்றதும் உண்டு. அது கருவியின் தப்பில்லை. வெளி ஹார்டு டிஸ்க் எஃப்.ஏ.டி.32 என்ற பழைய சேமிப்பு முறையில் இருந்தது. அதில் ஒரு ஃபைல் 4 ஜி.பி.க்கு மேல் போகாது. என்.டி.எஃப்.எஸ். ஆக மாற்றினோம். ஃபார்மட் செய்து மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் வேறிடத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட வந்த மென்பொருளின் இன்னொரு அட்டகாசம்: என் சொந்தக் கல்யாணத்தைப் பார்த்து 'காப்புரிமைப் பாதுகாப்பு உள்ளது' என்று பதிவு செய்ய மறுத்தது. கடையில் விற்ற படக் கேசட்டுகளில் நகல் எடுப்பதைத் தடுக்க, திரையில் தெரியாத வரிகளில் ஒரு தடைக் குறியைப் போடுவார்கள். தேய்ந்த கேசட்டின் இரைச்சலை அந்தக் குறி என்று இது நினைத்துக்கொள்கிறது. ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளில் இந்தத் தொல்லை இல்லை. மீதி எல்லாவற்றையும் அதில்தான் பதிந்தேன்.

இப்போது கேசட்டைப் பற்றி. வருஷத்தில் பத்து மாசம் பூட்டிக் கிடக்கும் வீடு நம் ஊரில் எத்தனை, ஒரு ஐப்பசி மழை போதும். மூன்றாவது கேசட்டின் கண்ணாடி வழியே பார்த்தால் சுருளின் விளிம்பில் அரிசிமாவு தூவியது போல வெள்ளை. அது பூஞ்சை. தெரியாமல் போட்டுவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் திரையெல்லாம் பனி. பூஞ்சையும் துகளும் வி.சி.ஆருக்குள் நாடாவைப் படிக்கும் தலையில் ஒட்டிக்கொண்டு அடுத்துப் போட்ட நல்ல கேசட்டையும் பாதித்தன. வி.சி.ஆரைத் திறந்து, ஐசோப்ரொப்பில் ஆல்கஹாலில் நனைத்த ஷாமி என்ற மெல்லிய தோலை, தலை இருக்கும் சுழலும் உருளை மேல் ஒட்டிப் பிடித்து, மறு கையால் உருளையை மெதுவாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் தலை உடைந்துவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியை வைக்காதீர்கள், நூல் மாட்டிக்கொள்ளும். ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் நிறுத்தியதோடு வி.சி.ஆர். தயாரிப்பே முடிந்துபோனது. உங்கள் வீட்டில் ஓடும் வி.சி.ஆர். இருந்தால் கருவியைவிட அதைத்தான் பொக்கிஷம் போலப் பாருங்கள்.

டிஸ்க் எழுதுவது சுலபம். 4.7 ஜி.பி. டிஸ்க்கில் மூன்று மணி நேரத்தைத் திணித்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகும், இரண்டாகப் பிரித்தேன். 16 மடங்கு வேகத்தில் எழுதியவை 90 சதவீதம் எழுதியதும் பிழை காட்டின. 4 மடங்கில் எழுதியவை எல்லாம் ஓடின. டி.வி.டி. மட்டும் போதும் என்று இருக்காதீர்கள், அந்த ஃபைலை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வைத்திருக்கிறேன்.

என் மதிப்பு: ஐந்துக்கு மூன்று. படம் எடுப்பதில் கருவி நேர்மையாக இருக்கிறது, கேசட்டில் உள்ளதை அப்படியே தருகிறது. விளக்கத்தாள் ஒரே ஒரு தாள், அதில் பி.ஏ.எல். என்ற சொல்லே இல்லை. மென்பொருளை சி.டி.யில் தருகிறார்கள், இப்போதைய லேப்டாப்பில் சி.டி. போட இடம் ஏது?

அப்பச்சியின் கேசட்டை எழுதி முடித்த சாயங்காலம் ஆத்தாளுக்குப் பட்டாலையில் போட்டுக் காட்டினேன். மாலையும் கழுத்துமாக அப்பச்சி கேமராக்காரரிடம், "எல்லாரும் சாப்பிட்டாச்சா, நீங்க சாப்பிட்டீகளா?" என்று கேட்கிற இடம் வரும். ஆத்தா அதை நிறுத்தச் சொல்லி, மறுபடி போடச் சொல்லி, ஏழு முறை கேட்டார்.

மூன்றாவது கேசட் இன்னும் காத்திருக்கிறது. சிலிக்கா பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருக்கிறேன், சுத்தம் செய்யத் தெரிந்தவரைத் தேடுகிறேன். பள்ளத்தூரில் அயித்தை வீட்டில் எட்டு கேசட் இருக்கிறதாம். பொங்கல் முடிந்ததும் கருவியையும் ரெக்கார்டரையும் தூக்கிக்கொண்டு அங்கே போகிறேன்.