68,000 ரூபாய் போச்சு: பழைய டிராக்டரை என்ஜின் வேலைக்கு விடுகிறவர்கள் கவனிக்கவும்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் பழைய டிராக்டரை வைத்து விறகு ஓட்டுகிற நம் ஆட்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருக்கிற ஒரு டிராக்டர் பட்டறையில் முழு என்ஜின் வேலை என்று சொல்லி 68,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, பழைய பிஸ்டனையே கழுவி மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். நேற்றுதான் என்ஜினைப் பிரித்துப் பார்த்தோம். ராத்திரி பூராவும் தூக்கமில்லை. பட்டறை பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொன்னதால் விடுகிறேன். வேலைக்கு விடுவதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வண்டி 1998 மாடல் மாஸ்ஸி 1035, மூன்று சிலிண்டர். அப்பா உழவுக்கு வாங்கியது, இப்போது விறகுக்குத்தான் ஓடுகிறது. முதலமடைப் பக்கம் காய்ப்பு நின்றுபோன மாமரங்களைத் தோப்புக்காரரிடம் மொத்தமாகப் பேசி எடுப்போம். ஃபாரஸ்ட் மரத்துப் பக்கமே போவதில்லை. மெஷின் வாள் போட்டு அறுத்து, கட்டையைச் சங்கிலியில் கட்டித் தோப்புக்குள்ளிருந்து தடம் வரைக்கும் இழுத்து வந்து, துண்டு போட்டு டிரெய்லரில் ஏற்ற வேண்டும். அப்புறம் எடை மேடை, அங்கிருந்து செங்கல் சூளை அல்லது பேக்கரி போர்மா (ரொட்டி சுடுகிற விறகு அடுப்பு). பச்சை மாங்கட்டை என்ன கனம் கனக்கும் என்று இழுத்தவர்களுக்குத் தெரியும். எடவப்பாதி மழை (ஜூன் மாதம் தொடங்குகிற பருவமழை) பிடிப்பதற்குள் இருப்பு வைக்க வேண்டும் என்று பங்குனியிலேயே போன் வர ஆரம்பித்துவிடும். அந்த நேரம் பார்த்து வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்தது. புகையும் அதிகம்.

போனில் வீடியோ போடுகிற பட்டறைதான். துருப்பிடித்த வண்டி உள்ளே போகும், பெயிண்ட் பளபளக்க வெளியே வரும். நேரில் போனால் அந்த ஆள் அவ்வளவு பக்குவமாகப் பேசினார். ஓடுகிற என்ஜினில் ஆயில் மூடியைத் திறந்து, குபுகுபுவென்று வந்த புகையைக் காட்டி, "போர் ஓவல் ஆயிருச்சுங்ணா, லைனர், பிஸ்டன், ரிங்கு பூரா புதுசு போட்டாத்தான் ஆகும்" என்றார். லைனர் என்றால் பிஸ்டன் ஏறி இறங்குகிற உருளை, அதன் துளை வட்டம் போய் முட்டை வடிவமாகத் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதில் பொய் இல்லை. பிறகு உள்ளேயிருந்து மூன்று பெட்டி கொண்டுவந்தார். ஒன்றைப் பிரித்து, எண்ணெய்க் காகிதம் சுற்றியிருந்த புதுப் பிஸ்டனை என் கையில் கொடுத்தார். மார்க்கர் பேனாவை எடுத்து ஒவ்வொரு பெட்டி மேலும் என் வண்டியின் கே.எல். 9 நம்பரை, என் கண்ணெதிரிலேயே எழுதினார். "அப்பா வாங்குன வண்டிங்கறீங்க, என் வண்டியாட்டம் பாக்கறேனுங்" என்றார். இதற்கு மேல் ஒருவரை எப்படிச் சந்தேகப்படுவது? நின்ற இடத்திலேயே 40,000 ஜிபே பண்ணினேன்.

வண்டி எடுக்கப் போனபோது ஒரே செல்ஃபில் பிடித்தது. புகையே இல்லை, சத்தம் அவ்வளவு மெது. மீதி 28,000 ரொக்கமாகக் கொடுத்தேன். ஆக 68,000. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச்சீட்டில் "இஞ்சின் ஒர்க் ஃபுல்" என்று ஒரே வரி. ஜிஎஸ்டி நம்பர் இல்லை, சாமான் விவரம் இல்லை. "தைரியமா லோடு அடிங்ணா" என்று கையசைத்து அனுப்பிவைத்தார்.

கொஞ்ச நாள்தான். லோடோடு மேடு ஏறும்போது பிரீதரிலிருந்து (என்ஜினுக்குள் சேருகிற காற்றை வெளியே விடுகிற குழாய்) ஆயில் துப்பியது, பின்னால் நீலப் புகை. போன் போட்டேன். முதல் பதில்: "புது இஞ்சின்ல அதுக்குள்ள லோடு ஏத்திட்டீங்களே, 50 மணி நேரம் சும்மா ஓட்டணுமுங்களே." லோடு அடிக்கச் சொன்னதே அவர்தான்! அடுத்த தடவை பையன் எடுத்தான், அண்ணன் குளிக்கிறார் என்றான். சாயங்காலம் போட்டாலும் குளிக்கிறார், மத்தியானம் போட்டாலும் குளிக்கிறார். ஒரு நாள் அவரே எடுத்து, "வண்டியக் கொண்டாங்க, பாத்துக்கலாம்" என்றார். ஏற்றிக்கொண்டு போகிற லாரி வாடகை யார் கொடுப்பது என்றதும் லைன் கட். இப்போது வாட்ஸப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது.

சரி என்று உள்ளூர் மெக்கானிக்கை வைத்துப் பிரித்தோம். ஆயிலை வடித்ததுமே அவர் இரண்டு விரலில் தேய்த்து மோந்து பார்த்துவிட்டு, "இதுல கியர் ஆயில் கலந்திருக்கு" என்றார். கெட்டி ஆயிலை ஊற்றினால் கொஞ்ச நாளைக்குப் புகையும் சத்தமும் அடங்கிவிடுமாம். லைனருக்குள் நகத்தை வைத்து மேலே இழுத்தால் விளிம்பில் தட்டுகிறது. பழைய ரிங் ஓடித் தேய்த்ததில் படிக்கட்டு மாதிரி விழுந்த விளிம்பு அப்படியே இருக்கிறது. புது லைனரில் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்த ஹோனிங் கோடு இருக்கும். இதில் இருந்தது எமரித் தாள் போட்டுத் தேய்த்த கீறல். பிஸ்டனைத் திருப்பி அடியில் பார்த்தால் வருஷக்கணக்கில் ஆயில் வெந்து பிடித்த பழுப்புக் கறை. மேல் பக்கம் மட்டும் பளிச்சென்று சுரண்டியிருக்கிறார்கள். என் நம்பர் எழுதின அந்த மூன்று பெட்டியும் இந்நேரம் வேறு யாருக்கோ காட்டப்பட்டுக்கொண்டிருக்கும். இதற்கா 68,000?

போலீஸுக்கும் போனேன். இங்கே, பட்டறை தமிழ்நாட்டில் இருக்கிறது, அங்கே போ என்றார்கள். அங்கே, வண்டி கேரளா வண்டி, அதுவும் இது கொடுக்கல் வாங்கல் தகராறு, கோர்ட்டுக்குப் போ என்றார்கள். எல்லையில் இருக்கிறவன் என்றால் எல்லோருக்கும் இளப்பம்தான். பட்டறைக்காரருக்கும் அது நன்றாகத் தெரியும்.

ஆனால் வக்கீல் ஒரு விஷயம் சொன்னார். 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கோர்ட் கட்டணமும் கிடையாது. சொந்தப் பிழைப்புக்கு ஓட்டுகிற வண்டி என்பதால் வியாபாரம் என்று சொல்லித் தள்ளவும் முடியாதாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பாலக்காட்டில்தான் போடப் போகிறேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது வாடகை டிராக்டர்காரர் வாசலில் நிற்கிறார், அதற்கு வேறு தனியாக அழ வேண்டும். சுருக்கமாக: கழற்றின பழைய சாமானை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். லைனர், பிஸ்டன் மாட்டுகிற அன்று கூடவே இருங்கள். சாமான் பெயர் எழுதின ஜிஎஸ்டி பில் இல்லாமல் மீதிப் பணம் தராதீர்கள். புது ஆயிலை நீங்களே வாங்கி, நீங்களே ஊற்றுங்கள்.

பெட்டியில் வண்டி நம்பர் எழுதிக் காட்டுகிற இதே ஆளிடம் வேறு யாராவது மாட்டியிருந்தால் துண்டுச்சீட்டையும் ஜிபே ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள். மனுவை அடுத்த வாரம் கொடுக்கிறேன், அதற்குள் சொன்னால் சேர்ந்தே போடலாம்.