பத்தாண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு: ஒரு கல்லூரி அணியும் ஓட்டில்லாத அரசியலும்

புதுக் குக்கரைப் பற்றி ஒரு வருடம் கழித்துத்தான் பேச வேண்டும் என்பார் அம்மா. முதல் வாரம் எல்லாக் குக்கரும் ஒழுங்காகத்தான் விசில் அடிக்கும். அந்தக் கணக்கில் எனக்கு இப்போது பேசும் தகுதி வந்துவிட்டது. மிஷிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியையும் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) அமெரிக்க அரசியலையும் 2015 முதல் ஒரு சீசன்கூட விடாமல் பின்தொடர்ந்து வருகிறேன். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஊரில் அவை தனித்தனியாகக் கிடைப்பதில்லை.

கார் நிறுவன வேலைக்காக 2013-ல் இங்கே வந்தோம். ஆன் ஆர்பர் நகரிலுள்ள மிஷிகன் அரங்கம் வீட்டிலிருந்து இருபது நிமிடம். 1927-ல் கட்டியது, 1,07,601 பேர் உட்காரலாம். பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே இறங்குவதால், வெளியே நிற்பவருக்கு உள்ளே ஒரு லட்சம் பேர் இருப்பது தெரியாது. சத்தம் வந்தால்தான் தெரியும்.

வாங்குவதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்டக் கடிகாரம் அறுபது நிமிடம்தான். ஆனால் எழுந்து வரும்போது மூன்றரை மணி நேரம் போயிருக்கும். தொலைக்காட்சி விளம்பரம் ஓடும் நேரமெல்லாம் இருபத்திரண்டு வீரர்கள் சும்மா நிற்க, கோட்டோரம் ஒருவர் விநாடி எண்ணும் பலகையைத் தூக்கிப் பிடித்திருப்பார். முதல் வருடம் பலகையைப் பார்த்துப் பொறுமை இழந்தேன். இப்போது அந்த இடைவேளையில் தேர்தல் செய்தி பார்க்கிறேன்.

என் முதல் நேரடி ஆட்டம் 2015 அக்டோபர் 17. இதே மாநிலத்தில் ஈஸ்ட் லான்சிங் நகரிலுள்ள மிஷிகன் ஸ்டேட் அணியோடு. பத்து விநாடி மிச்சம், நாங்கள் 23-21 என்று முன்னிலை. பந்தைத் தூர உதைத்துவிட்டால் முடிந்தது. உதைக்க வேண்டியவரின் கையிலிருந்து பந்து நழுவியது. எதிரணிக்காரர் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு ஓடினார். கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டபோது அவர் எங்கள் எல்லைக்கோட்டைக் கடந்திருந்தார். 27-23. என்னைச் சுற்றியிருந்தவர்கள் இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். முன்வரிசைப் பெண்மணி அரைவாசி எழுந்தவர் உட்காரவும் இல்லை, நிமிரவும் இல்லை. ஒரு லட்சம் பேர் ஒரே நேரத்தில் பேச்சிழந்தால் கொடிக்கம்பத்தின் கயிறு அடித்துக்கொள்வது கேட்கும்.

இனி எதையும் முடியும்வரை நம்பக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அடுத்த ஆண்டு அதிபர் தேர்தல் நாளான நவம்பர் 8-ஆம் தேதி மாலை அந்த முடிவு எங்கே போனதோ தெரியவில்லை. கருத்துக்கணிப்புகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டிரம்ப் மிஷிகனை 10,704 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். எங்கள் அரங்கத்தில் பத்தில் ஒரு பங்கு. அதிகாரப்பூர்வமாக அறிவிக்க நவம்பர் 28 ஆகிவிட்டது. அதற்கு இரண்டு நாள் முன்னால், பக்கத்து மாநிலத்துப் பரம எதிரியான ஓஹியோ ஸ்டேட்டிடம் கூடுதல் நேரத்தில் 30-27 என்று தோற்றோம். அவர்களுடைய ஆள் பந்தோடு தேவையான தூரத்தை எட்டினாரா என்பதில் தகராறு. எட்டவில்லை என்று இன்றும் இந்த ஊரில் சத்தியம் செய்வார்கள். நானும் செய்வேன்.

அன்று முதல் தேர்தல் வித்தியாசத்தையெல்லாம் அரங்கக் கணக்கில்தான் அளக்கிறேன். 2020-ல் மிஷிகனில் பைடன் வென்றது ஏறக்குறைய ஒன்றரை அரங்கம். 2024-ல் டிரம்ப் வென்றது சுமார் 80 ஆயிரம், அரங்கம் நிறையாது.

இந்த மூன்று தேர்தலிலும் எனக்கு ஓட்டில்லை. இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசை நீளம் ஊரறிந்தது. நான் அதில் நின்றுகொண்டிருக்கிறேன். வரி கட்டுகிறேன், வேட்பாளர்களின் விளம்பரங்கள் என் தொலைக்காட்சியையும் விட்டுவைப்பதில்லை, ஆனால் வாக்குச்சாவடியில் எனக்கு வேலையில்லை. "உனக்குத்தான் ஓட்டே இல்லையே அப்பா, எதற்கு இரவெல்லாம் விழித்திருக்கிறாய்?" என்று விருதுநகரிலிருந்து அம்மா கேட்டார். பந்தும் என் கையில் இல்லைதானே அம்மா என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை. பத்தாண்டில் நான் கண்ட முதல் உண்மை இதுதான்: கையில் எதுவும் இல்லாதவனுக்கு அரசியலும் ஓர் ஆட்டம்தான், அதே சட்டையைப் போட்டுக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தால் ஜெயிக்கும் என்று நினைக்கும் அளவுக்கு.

இரண்டும் ஒன்றோடொன்று நேரடியாக மோதிக்கொண்ட நாள் 2020 நவம்பர் 7, சனிக்கிழமை. தொற்றுக்காலம். எங்கள் அணி ஆடும் பிக் டென் லீக் ஆகஸ்டில் சீசனைத் தள்ளிவைத்தது. அதிபர் டிரம்ப்பே லீக் தலைவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். செப்டம்பரில் முடிவு மாறியது. ஆக, அரசியல் ஏற்கெனவே மைதானத்துக்குள் வந்தாகிவிட்டது. நான்கு நாளாக ஓட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். காலை பதினொன்றரைக்குச் சற்று முன் பைடன் வென்றதாகத் தொலைக்காட்சிகள் அறிவித்தன. தெருவில் யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள். பன்னிரண்டு மணிக்கு இண்டியானாவோடு ஆட்டம். மனைவி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் இரண்டு சேனல்களுக்கிடையே ரிமோட்டோடு அல்லாடினேன். 1987-க்குப் பிறகு எங்களை வென்றிராத அணி எங்களை 38-21 என்று அடித்தது. ஆட்டம் முடிந்ததும் முடிந்தது. யாரும் மறு எண்ணிக்கை கேட்கவில்லை. அந்தப் பக்கத்துச் சேனலில் இருந்தது முடிய ஜனவரியும் போதவில்லை. விளையாட்டின் மதிப்பை அன்று நான் ஒரு படி உயர்த்தினேன்.

2023-ல் அதை நானே இறக்க வேண்டியதாயிற்று. எதிரணிகள் ஆட்ட உத்தியைச் சொல்ல மைதானத்தில் காட்டும் சைகைகளைப் படிக்க, எங்கள் அணியின் பணியாளர் ஒருவர் அந்த அணிகளின் ஆட்டங்களுக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பிப் படம் பிடித்த விவகாரம் வெளிவந்தது. சைகையைப் படிப்பது தவறில்லை. நேரில் போய் வேவு பார்ப்பதற்கு 1994 முதல் தடை. பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவுக்கு லீக் மூன்று ஆட்டத் தடை விதித்தது. அலுவலகத்தில் ஓஹியோக்காரர் ஒருவர் இதைப் பற்றிக் கேட்டார். நான் ஒரு மூச்சில் சொன்னேன்: எல்லோரும் செய்வதுதான், மாட்டிக்கொண்டது நாங்கள். விசாரணை நடந்த நேரத்தைப் பாருங்கள், இது பழிவாங்கல். சட்டமே காலாவதியானது.

காபிக் கோப்பையோடு இருக்கைக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது. அதே வரிசை, அதே சொற்கள். எனக்குப் பிடிக்காத கட்சியின் ஆதரவாளர்கள் தம் தலைவருக்காகப் பேசியதைக் கேட்டு நான் ஏழெட்டு வருடமாகச் சிரித்த வாதங்கள் அவை. எனக்குப் பிடித்த கட்சிக்காக நானும் அவற்றைச் சொல்லியிருக்கிறேன் என்பது இன்னும் தாமதமாக நினைவுக்கு வந்தது. இப்படி உறைத்ததால் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். 2024 ஜனவரி 8 அன்று வாஷிங்டன் பல்கலைக்கழக அணியை 34-13 என்று வென்று தேசியப் பட்டம் வாங்கியபோது குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். 2025-ல் அபராதமும் வேறு சில தண்டனைகளும் விதித்தாலும் பட்டத்தைப் பறிக்காமல் விட்டார்கள், நிம்மதியாக இருந்தது.

இந்த ஊரில் இரண்டையும் ஒரே உடம்பில் சுமந்தவர் ஜெரால்ட் ஃபோர்ட். 48-ஆம் எண் சட்டையில் ஆடியவர், பின்னாளில் அதிபர். 1934-ல் ஜார்ஜியா டெக் அணி கறுப்பின வீரர் இருந்தால் ஆட மாட்டோம் என்றதும் பல்கலைக்கழகம் வில்லிஸ் வார்டை உட்கார வைத்தது. வார்டு ஃபோர்டின் நண்பர். ஆட்டத்தில் 9-2 என்று வென்றோம்; அந்த ஆண்டின் ஒரே வெற்றி. விளையாட்டில் அரசியல் கலக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த ஸ்கோர்தான் ஞாபகம் வரும்.

சமீபத்திய மாற்றங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. லீக்கில் இப்போது 18 அணிகள். கலிபோர்னியாவின் இரண்டு அணிகளும் அதில் அடக்கம். ஆடும் மாணவர்களுக்குப் பணம் கொடுப்பது நியாயம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒவ்வொரு சீசன் முடிவிலும் பாதி அணி வேறு கல்லூரிக்குப் போய்விட, யாருக்காகக் கத்துகிறோம் என்று பெயர்ப்பட்டியலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கட்சி மாறுகிறவர்களைப் பார்த்துப் பழகிய தமிழர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி தராது.

எதிர்வீட்டுப் பெரியவர் வாசலில் வருடம் முழுக்க எங்கள் அணிக்கொடி பறக்கும். 2024 தேர்தலுக்கு எனக்குப் பிடிக்காத வேட்பாளரின் பெயர்ப்பலகையும் நின்றது. நவம்பர் 5-க்குப் பிறகு மூன்று வாரம் நாங்கள் கையசைத்துக்கொண்டதோடு சரி. நவம்பர் 30-ல், 45 விநாடி மிச்சமிருக்கையில் உதைத்த பந்தால் ஓஹியோ ஸ்டேட்டை 13-10 என்று வென்றோம். குப்பைத் தொட்டியை உள்ளே தள்ளும்போது அவர் தெருவைக் கடந்து வந்தார். நான்கு நிமிடம் அந்த உதையைப் பற்றி மட்டும் பேசினோம். பிறகு குளிர் என்று இருவருமே உள்ளே போய்விட்டோம். தோற்ற ஓஹியோ ஸ்டேட்தான் கடைசியில் பட்டம் வாங்கியது, 2025 ஜனவரி 20-ல், டிரம்ப் மறுபடி பதவியேற்ற அதே நாளில். ஏப்ரலில் வெள்ளை மாளிகையில் அந்தக் கோப்பையைத் தூக்கிய துணை அதிபர் வான்ஸின் கையில் அது இரண்டாகப் பிரிந்தது. அவர் அந்தக் கல்லூரியில் படித்தவர். ஒரு வாரம் சிரித்தேன்.

எங்கள் வீட்டில் குடியுரிமை உள்ளவன் மகன் மட்டும். 2014-ல் இங்கே பிறந்தவன். 2032 அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடப் போகிறான். நான்கு ஆண்டு வெற்றிக்குப் பிறகு 2025 நவம்பரில் எங்கள் அரங்கத்திலேயே ஓஹியோ ஸ்டேட்டிடம் 27-9 என்று தோற்றோம். மறுநாள் கடையில் ஸ்வெட்டர் எடுக்கப் போனோம். "அப்பா, எனக்குச் சிவப்பு பிடித்திருக்கிறது" என்றான், ஓஹியோ ஸ்டேட் எழுத்துப் போட்டதைக் காட்டி. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் அணியின் நீல ஸ்வெட்டரும் அதே விலைதான்.